ஜூலை கடைசிச் சனிக்கிழமை

டால்டன் புரோக்கோப்பின் வயிற்றெரிச்சல் ஒரு பட்டியலில் தொடங்கியது.

மே மாதம், தேர்வுகள் முடிந்து வீடு காலியாகிக்கொண்டிருந்த வாரம். வீடு என்றால் அவன் பிறந்த வீடு இல்லை. பல்கலைக்கழகத் தெருவில் வெள்ளைத் தூண்கள் வைத்த, அறுபத்தெட்டு மாணவர்கள் தங்கும் சகோதர சங்கத்தின் வீடு. உள்ளே இருப்பவர்கள் அதைச் சங்கம் என்று சொல்வதில்லை, வீடு என்றுதான் சொல்வார்கள். ஒருவரையொருவர் சகோதரன் என்பார்கள், சண்டை போடும்போதுகூட.

ஒவ்வொரு கோடையிலும் வீட்டுக்குப் புது ஆள் பிடித்தாக வேண்டும். பள்ளி முடித்து ஆகஸ்டில் பல்கலைக்கழகத்துக்கு வரப்போகிறவர்களை நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கத் தேடிப்போய், விருந்து வைத்து, பந்து விளையாடி, பேசிப் பார்த்து, பிடித்துப்போனால் அழைப்பு அட்டையை நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வருடம் அந்த வேலைக்குப் பொறுப்பாளர்கள் இரண்டு பேர்: டால்டனும் ஸ்பென்சர் லிண்ட்குவிஸ்டும். கோடை முடிவில் இருவரில் ஒருவரைத் தலைமைப் பொறுப்பாளராக வீடு தேர்ந்தெடுக்கும். டால்டனுக்கு அந்தப் பதவி வேண்டும். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அவனால் பதில் சொல்லியிருக்க முடியாது. வேண்டும், அவ்வளவுதான்.

பொறுப்போடு பழைய வருடங்களின் பட்டியல்களும் கைக்கு வந்தன. இரண்டு வருடத்துக்கு முந்தைய பட்டியலில், தான் சேர்ந்த வருடத்தில், டால்டன் தன் பெயரைத் தேடினான். யார்தான் தேடமாட்டார்கள்? பெயருக்கு எதிரே குறிப்பு என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: "நல்ல பையன்தான். இடம் மிஞ்சினால் பார்க்கலாம்."

நான்கு வரி தள்ளி ஸ்பென்சரின் பெயர். குறிப்பு: "வாரிசு. பேசவே வேண்டாம், அட்டையை நீட்டு."

ஸ்பென்சரின் அப்பா இந்த வீட்டில் இருந்தவர், பெரியப்பா இருந்தவர், அவர்களுக்கும் அப்பா இருந்தவர். மாடிப்படிச் சுவரில் வருடவாரியாக மாட்டியிருக்கும் குழுப்படங்களில் அந்த மூக்கை மூன்று தலைமுறைக்குப் பார்க்கலாம். டால்டனின் அப்பா மாட்டு லாரி ஓட்டுகிறவர். அம்மா டார்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் டால்டன். வகுப்பு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, ஆகஸ்டில், அழைப்பு அட்டை வந்தது. தன்னைப் பற்றி ரொம்ப யோசித்து முடிவெடுத்திருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு தாமதம் என்று அவன் அன்று நினைத்துக்கொண்டான். யாரோ ஒருவன் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று போனதால் மிஞ்சிய இடம் அது என்று இப்போதுதான் தெரிந்தது.

பட்டியலைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்பென்சர் ஸ்பூனை எடுத்தாலும் கண் உறுத்தியது.

வீட்டின் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் இருவரும் கோடைத் திட்டம் போட்டார்கள். ஜூனில் ஒமாஹாவில் பேஸ்பால் ஆட்டம். அப்புறம் ஸ்பென்சரின் பெரியப்பாவுடைய ஏரி வீட்டில் ஒரு நாள். கோல்ஃப் ஒரு நாள். பிறகு மேற்கே, நான்கு மணி நேரப் பயணத்தில், டால்டனின் சொந்த ஊரான மேசன் க்ரீக் பூங்காவில் பர்கர் சுட்டு ஒரு விருந்து. மேற்குப் பக்கத்துப் பண்ணைப் பையன்கள் வீட்டுக்கு வருவதே அபூர்வம். அந்தப் பக்கம் நான்கு பேரையாவது பிடிக்க வேண்டும் என்று தலைவன் ஹேடன் சொல்லியிருந்தான்.

"மேற்குக்கு ஜூலை கடைசிச் சனிக்கிழமை வெச்சுக்கலாமா?" ஸ்பென்சர் காலண்டரில் பேனாவால் தட்டினான். "எனக்கு மத்த சனியெல்லாம் போச்சு. அந்த ஒண்ணுதான் காலி. உன் ஊருடா, நீ சொல்லு."

டால்டன் தேதியைப் பார்த்தான்.

ஜூலை கடைசிச் சனிக்கிழமை மேசன் க்ரீக்கில் கவுண்டித் திருவிழா, சுற்றுவட்டார ஊர்கள் சேர்ந்த மாவட்டத் திருவிழா. ஒரு வருடம் பிள்ளைபோல வளர்த்த எருதையும் பன்றியையும் ஆட்டையும் பிள்ளைகள் நடுவர் முன் ஓட்டிவந்து காட்டும் நாள் அதுதான். அன்று அந்தக் கவுண்டியில் பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை ஒரு பையனும் திருவிழா மாட்டுக் கொட்டகையைத் தாண்டி எங்கும் போகமாட்டான். கல்யாணம் வைக்கிறவர்கள்கூட அந்தத் தேதியைத் தொடமாட்டார்கள். ஸ்பென்சர் ஒமாஹா நகரத்துக்காரன், அவனுக்கு அது தெரிய நியாயமில்லை.

"தாராளமா வெச்சுக்கோ," என்றான் டால்டன்.

சொன்ன வாய்க்கு ஒரு காபி ஊற்றிக் குடித்தான். காலிப் பூங்காவில் இருநூறு பர்கரோடு ஸ்பென்சர் நிற்கும் காட்சி அப்போதே கண்ணுக்குள் வந்துவிட்டது. அது இனிப்பாக இருந்தது என்பதை அவன் மறைக்கவில்லை, தன்னிடம் மட்டும்.

ஜூன் முழுக்க அந்த இனிப்பில்தான் ஓடியது. ஏனென்றால் மற்ற எல்லாமே கசந்தது. ஏரி வீட்டுக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். படகு பெரியப்பாவுடையது, படகை ஓட்டியது அண்ணன், எலுமிச்சைச் சாறு கலக்கியது அம்மா. கோடை நிகழ்ச்சியில் சாராயம் கூடாது என்பது விதி. ஆனால் லிண்ட்குவிஸ்ட் வீட்டு எலுமிச்சைச் சாற்றுக்கே பையன்கள் மயங்கிக் கிடந்தார்கள். ஸ்பென்சர் ஒவ்வொருவனிடமும் போய், "உன் நாய்க்கு ஆபரேஷன்னு சொன்னியே, எப்படி இருக்கு?" என்று கேட்டான். நாயின் பெயரோடு கேட்டான். டால்டன் அன்று முழுவதும் அடுப்பு முன் நின்று பர்கர் திருப்பினான்.

"டால்டன் இல்லன்னா நாங்கல்லாம் பட்டினி," என்று ஸ்பென்சர் எல்லார் முன்னாலும் தோளில் கை போட்டான். பாராட்டுதான். டால்டனின் காதில் அது 'இவன் எங்கள் சமையல்காரன்' என்று விழுந்தது. அப்படித்தான் சொன்னானா, அல்லது தன் காதுதான் கெட்டுப்போய்விட்டதா என்று திரும்பிப் போகும் வழியெல்லாம் யோசித்தான்.  மறுநாள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'சேர்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஐந்திலும் ஸ்பென்சர்.

டால்டன் தனக்கென்று ஒருவனை வைத்திருந்தான். மேசன் க்ரீக்குக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் ஸ்டோல்லி குடும்பத்துக் கோல்பி. பள்ளி மல்யுத்த அணியில் டால்டனுக்கு இரண்டு வருடம் இளையவன். அவன் வீட்டிலும் யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பது டால்டனின் ஆசை. கோல்பி அந்த வருடம் திருவிழாவுக்கு எருது வளர்க்கிறான் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் ஸ்பென்சர் மேலிருந்த எரிச்சலில் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. எதிராளியின் கூரைக்கு வைத்த தீயில் தன் வைக்கோல் போரும் இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். பதினொன்றரைக்கு மேசன் க்ரீக் பூங்காவில் இருந்தவர்கள் டால்டன், ஸ்பென்சர், ஒரு அணில்.

"பாக்கறேன்னு இருபத்திரண்டு பேர் சொன்னானுங்கடா," ஸ்பென்சர் போனைத் தடவிக்கொண்டே இருந்தான். "ஒருத்தன்கூடப் போன் எடுக்கல. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

அவன் முகத்தில் முதன்முறையாக ஒரு கலக்கம். டால்டன் இரண்டு மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். பார்த்தான். ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குமேல் இழுக்கவில்லை.

அப்போது டார்லாவின் பழைய கார் வந்து நின்றது. தேவாலயத்துப் பெண்கள் திருவிழாவில் போடும் பழ அப்பக் கடைக்குப் போகிற வழியில், மகனுக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்திருந்தாள்.

"என்னப்பா, ரெண்டு பேரும் தனியாவா சாப்பிடப் போறீங்க?"

"யாரும் வரலம்மா," என்றான் ஸ்பென்சர்.

"எப்படி வருவாங்க? எல்லாரும் கொட்டகையில இருக்காங்க. இன்னிக்கு மாடு காட்டுற நாளாச்சே." டார்லா மகனைப் பார்த்தாள். "உனக்கு எப்படிடா மறந்துச்சு? ஒம்போது வருஷம் பன்னி ஓட்டுன பய நீ. ஜூனிலகூடப் போன்ல சொன்னேனே, அதே கடைசிச் சனிக்கிழமைதான்னு."

பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அணில் மேசைமேல் ஏறியது.

"உனக்குத் தெரியுமா?" ஸ்பென்சர் கேட்டான்.

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல."

"கேட்டேன். உன் ஊருடா, நீ சொல்லுன்னு கேட்டேன். தாராளமான்னு சொன்ன."

டால்டன் பர்கரைத் திருப்பினான். அது ஏற்கெனவே கருகியிருந்தது. ஸ்பென்சர் திட்டுவான் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் பட்டியலைப் பற்றிக் கத்தியிருப்பான்.  ஸ்பென்சர் அடுப்பின் மூடியைச் சாத்தினான்.

"தூக்கு. வண்டியில ஏத்து. மாட்டுக்கு முன்னாடி நிக்கணுமா, பின்னாடி நிக்கணுமா, அத மட்டும் சொல்லித் தொலை."

"பக்கத்துல," என்றான் டால்டன்.

கொட்டகையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், ஸ்பென்சர் அங்கேயும் ஜெயித்தான். வெள்ளைக் காலணியோடு நேராகச் சாணியில் மிதித்தான். பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். எருதைக் குளிப்பாட்டி, பெரிய ஊதுகுழாயால் காற்றடித்து ரோமத்தை உலர்த்திச் சீவி நிறுத்துவது அங்கே ஒரு கலை. கோல்பி தன் எருதுக்கு அதைச் செய்துகொண்டிருந்தபோது ஸ்பென்சர் போய், "எனக்கும் குடு, அடிக்கிறேன்," என்றான்.

"தலைகீழா அடிக்கிறீங்க சார்! முடி மேல பாத்து நிக்கணும்."

"என் தலைக்கே இப்படித்தான் அடிப்பேன். அதான் பொண்ணுங்க யாரும் பாக்கறதில்ல போல."

"என் மாட்டையும் யாரும் பாக்காமப் பண்ணிடாதீங்க!"

மூன்று மணி நேரம் ஸ்பென்சர் அங்கேயே கிடந்தான். கோல்பி எருதோடு நடுவர் முன் போனபோது வேலிமேல் ஏறி விசிலடித்தான். எருதுக்கு இரண்டாம் பரிசு. கருகாத பர்கர் எல்லாம் தீர்ந்தது. டால்டன் பழையபடி அடுப்பு முன் நின்றான், தான் பிறந்து வளர்ந்த ஊரின் நடுவில், ஒமாஹாக்காரனுக்கு விருந்தாளிபோல.

கோல்பி வெறும் வாளியோடு அவனிடம் வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? நான் இன்னிக்கு இங்கதான் இருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்ல. பூங்காவுல விருந்துன்னு செய்தி வந்ததும் ஒரு மாதிரி ஆயிட்டேன். நம்ம டால்டன் அண்ணனுக்கே நாம வேணாம் போலன்னு நெனச்சேன்."

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். பெரிய இடத்துப் பையன் போட்ட தேதி என்று ஒரு வார்த்தை போதும், கோல்பி நம்பியிருப்பான்.  டால்டன் அதைச் சொல்லவில்லை.

"உன்ன நான் நெனைக்கவே இல்லடா. அவன் காலிப் பூங்காவுல நிக்கணும்னு நெனச்சேன்."

கோல்பி வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "அவ்வளவு பொறாமையா?"

"ஆமா."

"எங்க மாமாவும் சித்தப்பாவும் இப்படித்தான். ஒருத்தர் புது டிராக்டர் வாங்கினாருன்னு ரெண்டு பேரும் பேசறதில்ல." கொஞ்சம் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நான் கையெழுத்துப் போடறேண்ணே. ஆனா அவர்கிட்டதான் போடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க. அவர்தான வந்தாரு."

அன்று ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு மாலை, வீட்டுச் சகோதரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஊரிலிருந்து போன் திரையில் கூடினார்கள். தலைமைப் பொறுப்பாளர் யார் என்று அன்றே முடிவு செய்வதாக இருந்தது. மேற்கே ஒரே நாளில் ஆறு பேர் எப்படி என்று ஹேடன் கேட்டான்.

"டால்டனோட திட்டம்," என்றான் ஸ்பென்சர் அலட்டிக்கொள்ளாமல். "திருவிழா நாளாப் பாத்துப் போனோம். ஊர்க்காரன் மூளை."

திரையில் அறுபது கட்டைவிரல்கள் உயர்ந்தன. டால்டனுக்கு முகம் சூடானது. கொடுக்கக்கூட இவனிடம் இருக்கிறது. தன் வெற்றியைத் தூக்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவான், அவனுக்கு ஒன்றும் குறையாது. அதை வாங்கிக்கொண்டு இந்தப் பதவியில் உட்கார்ந்தால் வாழ்நாள் முழுக்க இவன் போட்ட பிச்சை. நல்ல எண்ணத்தில் உண்மையைச் சொன்னேன் என்று டால்டன் பின்னாளிலும் சொல்லிக்கொண்டதில்லை. அந்தப் பிச்சை பொறுக்காமல்தான் சொன்னான்.

"என் திட்டம் இல்ல. அன்னிக்குத் திருவிழான்னு தெரிஞ்சும் நான் சொல்லல. அவன் அசிங்கப்படட்டும்னு விட்டேன். கொட்டகைக்குப் போலாம்னு சொன்னது அவன்தான்."

 திரையின் கடைசி வரிசைக் கட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "இவ்வளவு பண்ணியும் காட்டிக்குடுக்கல பாரு. ஸ்பென்சர் மனசு யாருக்குடா வரும்!"

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். குற்றத்தை ஒப்புக்கொண்டது டால்டன். அதற்கும் கைதட்டு ஸ்பென்சருக்கு. ஓட்டெடுப்பு இரண்டே நிமிடத்தில் முடிந்தது. யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்பென்சர் கூப்பிட்டான். மேற்கில் ஆறு பேர் கிடைத்ததால், பக்கத்துக் கவுண்டியிலும் ஒரு விருந்து வைக்கலாம் என்று ஹேடன் சொல்லிவிட்டானாம்.

"ஆகஸ்ட் எட்டு வைக்கலாமா?" என்று கேட்டான். குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் தேவலை என்று டால்டனுக்கு இருந்தது. "இல்ல அன்னிக்கு அங்க ஏதாவது இருக்கா?"

டால்டன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இருக்கு. எட்டு வேணாம்," என்றான். "அன்னிக்கு அங்க குதிரை ஓட்டம். பத்து மணிக்கு மேல ஒரு பய வரமாட்டான். அதுக்கு முந்தின வியாழக்கிழமை வை. நான் வண்டி ஓட்டறேன்."