காட்டேரிக் குடும்பத்தை மெச்சிய பெரியநாயகம்

ரத்தம் குடித்து உயிர்வாழும் ஒரு குடும்பத்தை டிவியில் பார்த்துவிட்டு, "குடும்பம்னா இப்பிடி இருக்கணும்" என்று சொன்ன மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் தெருவில் மாடிவீட்டில் இருந்த பெரியநாயகம். எனக்குப் பெரியப்பா முறை. தக்காளி, மாந்தோப்பு, கறவை மாடுகள் என்று வசதியாக இருந்தார். மாதா கோயிலில் ஆண்கள் பக்கம் முதல் வரிசை அவருக்கு. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

அவருக்கு இருபது வயது ஆகும்போது அப்பா கிணற்று மேட்டிலிருந்து விழுந்து இறந்துபோனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். தம்பி இன்னாசியையும் கைக்குழந்தையாக இருந்த தங்கை மிக்கேலம்மாளையும் அவர்தான் வளர்த்தார். இதை நான் மறுக்கவில்லை. கேழ்வரகுக் கூழை அவர்களுக்கு ஊற்றிவிட்டுத் தான் வெறும் தண்ணீர் குடித்துப் படுத்ததாகச் சொல்வார். அதுவும் நடந்திருக்கும். ஆனால் அந்தக் கூழை அவர் முப்பது வருஷமாகத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னாசி ஒருநாள் ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது தன் பங்கு நிலத்தைக் கேட்டான். "என் தம்பி எங்கியும் போவல, ஒரே உலைதான் இந்த வூட்ல" என்று சொல்லிவிட்டார் பெரியப்பா. அதை நிரூபிக்கத் தன் மனைவி ஆரோக்கியம்மாளிடம் தினமும் இன்னாசிக்கும் சேர்த்தே அரிசி போடச் சொன்னார். இன்னாசி பங்குச் சோறு நாய்க்குப் போயிற்று. இன்னாசிக்குப் பங்கு நிலம் மட்டும் போகவில்லை.

மிக்கேலம்மாளின் கதை இன்னும் எளிமையானது. விடிவதற்கு முன் மாடு, பிறகு அடுப்பு, பிறகு தோட்டம், மறுபடி மாடு. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வரன் வராமல் இல்லை. காரிமங்கலத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். மாப்பிள்ளையின் அம்மா இருமுகிறாள் என்று பெரியப்பா திருப்பி அனுப்பினார். இன்னொருவன் அதிக உயரம். இன்னொருவன் வீட்டில் கிணறு உப்பு. வெளியில் கேட்பவர்களிடம், "அவ தேவமாதாவுக்கு நேர்ந்துவுட்ட புள்ள மாதிரிங்க" என்பார். தேவமாதாவுக்கு யார் நேர்ந்தது, எப்போது நேர்ந்தது என்று யாரும் கேட்டதில்லை. நேர்ந்துவிட்டது மாட்டுக் கொட்டகைக்குத்தான் என்று தெருவுக்கே தெரியும்.

எண்பத்தேழில், குவைத்தில் வேலை செய்த ஆரோக்கியம்மாளின் தம்பி ஒரு கலர் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகள். அங்கே டிவியில் வாரா வாரம் ஓடிய ஒரு இங்கிலீஷ் தொடரை யாரோ பதிவு செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் தெருவே பெரியப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது. எங்கள் பக்கம் பத்தரைக்கெல்லாம் கரண்ட் போய்விடும் என்பதால், அதற்குள் ஒரு கேசட்டை முடித்தாக வேண்டும்.

கதை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். தமிழ் மீடியத்தில் பி.ஏ. வரலாறு. அந்த வெள்ளைக்காரர்கள் வாய்க்குள்ளேயே பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட பாதியைச் சொன்னால் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

கதை ஏதோ ஒரு பழைய துறைமுக ஊரில் நடந்தது. ஒரு மூத்த அண்ணன், இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. எப்போதோ செத்திருக்க வேண்டியவர்கள். சாகாமல், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் கழுத்தைக் கடித்து ரத்தம் குடித்து, பல நூறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஊருக்குச் சந்தேகம் வந்தால் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போவார்கள். தம்பிகள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. தங்கை ஜன்னலில் நின்று கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது தனியாகப் போகிறேன் என்றால், அண்ணன் கண்ணீர் விட்டபடியே அவரை நிலவறையில் போட்டுப் பூட்டுவான்.

"எங்க போனாலும் அப்பன் பொட்டியத் தூக்கிட்டுப் போறான் பாரு" என்று பெரியப்பா உருகினார். "நம்ம இன்னாசி அப்பன் கல்லறைக்கு ஒரு மெழுகுத்திரி வெச்சிருப்பானா?"

"அவங்கெல்லாம் காட்டேரிங்க, பெரியப்பா" என்றேன்.

"காட்டேரியாவே இருக்கட்டும். இத்தன வருசத்துல எவனாச்சும் பாகம் கேட்டானா?"

ஒரு காட்சியில் அண்ணன், ஓடப் பார்த்த சின்னத் தம்பியை நிலவறைக் கதவில் வைத்து ஏதோ சொன்னான்.

"என்னடா சொல்றான்?"

"'நீ எனக்குச் சொந்தம், உன்னப் போவவுட மாட்டேன்'னு சொல்றான் பெரியப்பா."

"இல்ல. 'வெளிய போனா ஒனக்கு ஆபத்துடா தம்பி'ன்னு சொல்றான். மூஞ்சியப் பாரு, அழுவுறான்."

"இங்கிலீஷ்ல அவன் சொல்றது..."

"இங்கிலீஷ் ஒனக்குத் தெரியும். குடும்பம் எனக்குத் தெரியும்."

கூடம் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான்.

சிலுவையைக் காட்டினால் அந்தக் குடும்பமே கையால் முகத்தை மூடிக்கொள்ளும். எதிர்வீட்டு ராயம்மாளுக்கு அது பெரிய குழப்பம். "ஏன் கொழுந்தனாரே, சிலுவையக் கண்டா எதுக்கு ஒளியறாங்க?"

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி ரொம்ப நாளாயிருக்கும் அண்ணி. வெக்கப்படறாங்க" என்றார் பெரியப்பா. அதை ராயம்மாள் ஏற்றுக்கொண்டாள். எனக்குத்தான் சிரிப்பதா, படித்த படிப்பைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை.

மிக்கேலம்மாள் அத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை. காப்பி கொடுத்துவிட்டு, சமையலறை நிலைப்படியில் சாய்ந்து கொஞ்சம் பார்ப்பாள். "நல்லாப் பாத்துக்க, எவ்ளோ ஒத்துமையா இருக்காங்க" என்று பெரியப்பா ஒருநாள் அவளிடம் சொன்னார்.

"அவங்க வூட்ல மாடே இல்லியே அண்ணா" என்றாள் அவள். "ஒத்துமையா இருக்க என்ன கஷ்டம்?"

மாம்பழ சீசனில் கூடைகளை மொரப்பூருக்குக் கொண்டுபோய் ரயிலில் ஏற்ற வேண்டும். ஆளை அனுப்பினால் கூலி. எனவே பெரியப்பா தங்கையை அனுப்பினார். அங்கே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த கஸ்பார், மனைவியை இழந்தவர், எங்களைப் போலவே வேதக்காரர், கூடைகளை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி வைத்தார். அத்தைக்காக யாரும் எதையும் நகர்த்தி வைத்ததில்லை. அடுத்த சீசனுக்குள் இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெரியப்பாவின் கஞ்சத்தனம் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கஸ்பார் முறைப்படி பெண் கேட்டு வந்தார். பெரியப்பா அவருக்கு மோர் கொடுத்து, "ரயில்வேக்காரனுக்கு எப்ப எங்க மாத்தல் வரும்னு சொல்ல முடியாதுங்க. எங்க குடும்பம் பிரிஞ்சி இருந்து பழக்கமில்ல" என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் அத்தை நேராக எங்கள் கோயில் பங்குச் சாமியாரிடம் போனாள். இது அவளே பிறகு சொன்னது.

"ஒங்கண்ணன் சம்மதிக்கலியேம்மா" என்றாராம் சாமியார்.

"எனக்கு வயசு வந்து ரொம்ப நாளாச்சு சாமி. நீங்க ஓலை படிங்க. அவரு கோயில்ல இருந்தா அவரு காதுலயும் வுழும்."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிவில் ஓலை படிப்பது எங்கள் வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார். திருட்டுக் கல்யாணம் நடக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அந்தக் காலத்தில் பெரியப்பா பூசை முடியும்வரை கோயிலில் இருப்பதில்லை. நாக்கில் நன்மை அப்பம் வாங்கிய கையோடு பக்கவாசல் வழியாக இறங்கி வீட்டுக்கு ஓடிவிடுவார். கேசட்டை ஆரம்பத்துக்கு ஓட்டிவைக்க வேண்டும், வோல்டேஜ் பார்க்க வேண்டும், தன் நாற்காலியை நடுவில் போட வேண்டும்.

முதல் ஓலை படிக்கப்பட்டது. மொரப்பூர் கஸ்பாருக்கும் இந்தப் பங்கைச் சேர்ந்த மிக்கேலம்மாளுக்கும் என்று சாமியார் சொன்னபோது கோயிலே ஒருமுறை பக்கவாசலைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் ஆரோக்கியம்மாள் பெரியம்மா தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே பார்த்தாள். பிறகு எல்லோரும் எழுந்து, அந்த வீட்டுக்கே போய், அவர் கூடத்திலேயே உட்கார்ந்தோம். பெரியம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இது ஒரு அபலைப் பெண்ணுக்காக ஊர் காத்த ரகசியம் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. டிவியில் அந்தத் தங்கை, கப்பலில் வந்த ஒரு தச்சனோடு போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அவள் தப்பித்தாளா என்று பார்க்க வேண்டும். இந்த வீட்டில் சண்டை வந்தால் டிவி நின்றுபோகும். "கேசட்டு முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்று ராயம்மாள் கோயில் வாசலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். ஒரு வெள்ளைக்காரக் காட்டேரியின் தலைவிதிக்காக சொந்தத் தெருப் பெண்ணின் தலைவிதியில் தலையிடாமல் இருந்தது எங்கள் தெரு. நான் மட்டும் என்ன? பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தவனை வாரத்தில் ஒருநாள் ஒரு காரியத்துக்காகக் கூப்பிட்ட ஒரே வீடு அது. அதை இழக்க எனக்கும் மனமில்லை. அவரை இளக்காரமாகப் பார்க்கும் போதெல்லாம் அவர் வீட்டு முறுக்கு என் கையில் இருந்தது.

இரண்டாவது ஓலையும் அப்படியே போயிற்று. மூன்றாவது ஓலை படித்த ஞாயிறன்று கடைசி கேசட். அண்ணன் தூங்கும்போது தங்கை அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். படி இறங்கினாள். பெரிய வாசல் கதவில் கை வைத்தாள். திரை ஒருமுறை கோடு கோடாக ஆடியது. அடுத்து ஒரு பச்சை மைதானம். அரைக்கால் சட்டை போட்ட ஆட்கள் பந்தை உதைத்துக்கொண்டு ஓடினார்கள். குவைத்தில் யாரோ அதன் மேலேயே ஃபுட்பால் மேட்ச்சைப் பதிவு செய்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் எல்லோரும் அதையும் பார்த்தோம், கதை திரும்ப வரும் என்று. வரவில்லை. ராயம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சரி வுடு கொழுந்தனாரே. புதன்கெழம பந்தி இங்கியா, கோயில் கொட்டாயிலயா?"

"எந்தப் பந்தி?"

"மிக்கேலம்மா கல்யாணத்துக்கு. மூணு ஓலையும் படிச்சாச்சே."

பெரியப்பா கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாங்கள் ஒவ்வொருவரும் ஃபுட்பாலைப் பார்த்தோம். சட்டையைக்கூடப் போடாமல் துண்டோடு சாமியார் வீட்டுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். வேறு பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

"என்னக் கேக்காம எப்பிடி சாமி படிச்சீங்க?"

"எல்லாரு முன்னாலயும்தான் படிச்சேன். நீங்க மொத வரிசைக்காரராச்சே" என்றார் சாமியார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. தடை இருந்தா சொல்லுங்க. கஸ்பாருக்கு வேற பொண்டாட்டி இருக்குதா? சொந்தத்துல முறை தப்புதா?"

பெரியப்பா நெற்றியைத் தேய்த்தார். உண்மையாகவே யோசித்தார். "ஏழு மாடு இருக்குதுங்க சாமி" என்றார்.

எனக்குத் தெரிந்து பெரியப்பா அவ்வளவு நேர்மையாக எதையும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் கத்தினார். கூழ் ஊற்றி வளர்த்ததைச் சொன்னார். நீயும் இன்னாசி மாதிரி ஆகிவிட்டாயே என்றார். அத்தை தவிட்டைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீ கூழு ஊத்துனது நெசந்தாண்ணா. அதுக்குத்தான் இத்தன வருசம் இருந்தேன். இன்னும் எவ்ளோ நாளு இருக்கணும்னு நெனச்ச?"

"நாள் கணக்கு எதுக்கு? இது ஒன் வூடு."

"என் வூடுன்னா நான் கதவத் தெறந்துட்டு போலாமில்ல?"

பெரியம்மா அப்போது வெளியே வந்து, அத்தையின் கையிலிருந்த தவிட்டு வாளியை வாங்கிக்கொண்டாள். நேராகக் கொட்டகைக்குப் போனாள். பெரியப்பா அதற்குமேல் கத்தவில்லை. யாரைப் பார்த்துக் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. ஓசூரிலிருந்து இன்னாசி புடவையோடு வந்திருந்தான். பெரியப்பா வந்தார், ஓரமாக நின்றார். பந்தியில் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார். மதியம் மொரப்பூர் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கஸ்பார் பெட்டியை மேலே வைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம வந்துடுவியா?"

"எதுக்குண்ணா?" என்றாள் அத்தை. குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். மாட்டைச் சொல்லப் போகிறார், தக்காளியைச் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். "சும்மாதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்துவிடலாமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் அதை மனதாரச் சொன்னாரா, வேறு எதுவும் செல்லாது என்று தெரிந்து சொன்னாரா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அத்தை அதை ஆராயவில்லை. "பாக்கலாண்ணா" என்று சொல்லிவிட்டு, இரண்டு மொரப்பூர் என்று கண்டக்டரிடம் சொன்ன கஸ்பார் பக்கம் திரும்பிக்கொண்டாள்.