பாதியில் நின்ற நிரை

தொண்ணூறுகளின் கடைசியில்தான் அம்மாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற அதே அசைவு. தோட்டத்து வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தக் கை மட்டும் மலைக்குப் போய்வந்தது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதைப் பார்த்த எல்லோருக்கும் சித்தியின் ஞாபகம்தான் வந்தது. தேயிலைச் செடி வரிசையை நாங்கள் நிரை என்போம். அம்மாவும் அவருடைய தங்கையும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் பறிப்பார்கள். ஒருத்தி பிந்தினால், முடித்தவள் வந்து மற்றவளுடையதையும் கிள்ளிக் கொடுப்பாள். ஒரு மழைநாளில் மேலேயிருந்த மண்மேடு சரிந்து சித்தியை மூடியது. அம்மா கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். சித்தியின் நிரை பாதியில் நின்றுபோனது.

"மிச்சத்த முடிக்கத்தான் ஒங்க சித்தி ஒங்கம்மா கைய எடுத்துக்கிட்டா," என்றார் அடுத்த வீட்டு அக்கா.

"பேய்க்கும் தொர சம்பளம் குடுக்குறாராக்கா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அம்மாவின் கையைப் பார்க்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பதுளையில் ஒரு டாக்டரம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். காதில் ஊசி வைக்கும் அக்குபங்சரும் படித்தவர் என்று தெரிந்து, அதையும் செய்து பார்க்கும்படி நான்தான் நச்சரித்தேன்.

"இது வருத்தத்தை மாத்தாது பிள்ளை. சில பேருக்குக் கொஞ்சம் சுகம் குடுக்கலாம், அவ்வளவுதான். குளிசையை மட்டும் விட வேண்டாம்," என்றார். அவர் பேச்சில் வருத்தம் என்றால் நோய், குளிசை என்றால் மாத்திரை. அம்மாவின் வலது காதின் மேல்மடிப்பில் எள்ளளவு ஊசி ஒன்றைப் பதித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டினார். திரும்ப வரும்வரை கழற்றக்கூடாது என்றார்.

மாத்திரையா ஊசியா, எது வேலை செய்ததோ, கை அடங்கியது. ஒருநாள் காலையில் அம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் தானே எடுத்துச் சிந்தாமல் குடித்தார். அதுவரை நான்தான் பருக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை. அசையாத கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வர வேண்டிய யாரோ வராததுபோல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் நடுக்கம் திரும்பிவிட்டது. பிளாஸ்டரை அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஊசி தட்டுப்பட்டது. மறுபடி பதுளைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா பிளாஸ்டரை உரித்தார். ஊசியைக் காணவில்லை. அந்த இடத்தில் விளக்குமாற்று ஈர்க்கின் பொடித்துண்டு ஒன்று இருந்தது. தோடு அடகுக்குப் போனால், காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க எங்கள் பெண்கள் ஈர்க்கைத்தான் செருகிக்கொள்வார்கள்.

"ஊசி எங்கம்மா?" என்று கேட்டேன்.

அம்மா நடுங்கும் விரல்களால் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஊசி பத்திரமாக இருந்தது.

"இது இருந்தா அவ வரமாட்டேங்குறா. அவ நெரை இன்னும் முடியல. முடிஞ்சதும் திரும்பக் குத்திக்கலாம்னுதான், ஓட்ட தூந்துபோகாம ஈர்க்க வச்சேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சித்தி செத்துப் போயிட்டாங்கம்மா," என்று டாக்டரம்மா முன்னாலேயே கத்தினேன்.

"தெரியும்," என்றார் அம்மா. "நான்தான பக்கத்துல நின்னேன்."

டாக்டரம்மா ஊசிப்பெட்டியை மூடிவிட்டார். "அவவுக்கு விருப்பமில்லாமல் குத்தேலாது பிள்ளை," என்று மெதுவாகச் சொன்னார்.

பஸ்ஸில் அம்மா சாய்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஹாலிஎலவைத் தாண்டியதும் இருபுறமும் தேயிலை தெரிந்தது. கை வேகமாக ஆடத் தொடங்கியது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கைக்குள் அது கிள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டு பேருடைய கையைப் பிடித்திருப்பதாகப் பட்டது. விட்டுவிடலாமா என்று நினைத்தேன், விடவில்லை.

"கொஞ்சம் மெதுவா கிள்ளுங்க சித்தி," என்றேன். "அம்மாவுக்குக் கை வலிக்கும்."