நான் எழுப்பாத நாலு சுவர்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஜன்னல்கள் எங்கள் தலைக்கு மேலே இருந்தன. மழை பெய்வது காதில் விழும், கண்ணில் படாது. பிள்ளைகள் பராக்குப் பார்க்கக் கூடாதாம். அந்த ஆத்திரம் வளர்ந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு கண்டிராக்டரிடம் பிளான் வரையும் வேலையில் இருந்தேன். ஜெலுத்தோங்கில் கூலிக்காரர் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கட்டக் கடைத்தெரு வியாபாரிகள் சிலர் முன்வந்தார்கள். அதை வரைய என்னை விட்டால் ஆளில்லை என்று நானே போய் நின்றேன். வயது இருபத்தாறு. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

முழங்கால் உயரத்துக்கு மட்டும் செங்கல். அதற்கு மேல் வெறும் காற்று. மரத்தூண்கள், அத்தாப்பு ஓலைக் கூரை. அங்கே நின்ற ரம்புத்தான் மரத்தை வெட்ட விடவில்லை; அதைச் சுற்றியே கூரையை வளைத்தேன். பக்கத்து வாய்க்காலை மூடவும் விடவில்லை, பிள்ளைகள் தலைப்பிரட்டை பார்க்கட்டும் என்று. வேலைக்கு வந்த சீனத் தச்சர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிண்டிங் மானா?" என்றார். சுவர் எங்கே என்று மலாயில் கேட்கிறார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

பள்ளி திறந்ததும் பாய் கொள்ளாத பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. அவள் தாய் சாலையோரங்களில் புல் அறுத்து மாட்டுவண்டிக்காரர்களுக்கு விற்பவள். அந்தப் பெண் மரத்தை ஒட்டியே உட்காருவாள். எழுதச் சொன்னால், எறும்பு வரிசைக்கு இடைஞ்சல் இல்லாமல் சிலேட்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு எழுதுவாள். சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்துப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். இவளுக்காகத்தான் வரைந்தேன் என்று தோன்றும்.

இரண்டாம் மாதம் அவள் வரவில்லை. இன்னும் சிலரும் நின்றுவிட்டதாக வாத்தியார் சொன்னார். தாயைத் தேடிப் போனேன். சாலையோரத்தில் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா பிள்ளைய அனுப்பல?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கோவிச்சுக்காதீங்கய்யா. மாட்டுக்கொட்டாயில கொண்டுபோய் எம்புள்ளைய உக்கார வைக்கச் சொல்றீங்களே. துரை வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற எடத்துல நாலு சுவர் இருக்கு, கதவு இருக்கு. நீங்களே பார்த்திருப்பீங்க லா."

"மரமும் மண்ணும் பிள்ளைகளுக்கு நல்லதுக்கா."

"மரம், மண்ணு, புல்லு எல்லாம் காட்ட நான் இருக்கேனே. அதுக்கு எதுக்குய்யா பள்ளிக்கூடம்? எங்க கண்ணுல படாத எதையாச்சும் அவ பார்க்கட்டும்னுதானே அனுப்புனேன்."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். இப்போது அதை எழுதவே கூசுகிறது. அவள் சொன்னது எனக்கு உறைக்க நாலு மாதம் ஆயிற்று. அதுவும் ஒரு மழை நாளில், பாதிப் பள்ளிக்கூடம் நனைந்து, பிள்ளைகள் ஒரு மூலையில் ஒண்டி நின்றதைப் பார்த்த பிறகு. சிறுவயதில் நான் பார்க்க ஏங்கிய மழை, அவர்களுக்கு வீட்டிலும் ஒழுகுகிற மழை. சுவருக்குள் வளர்ந்த என் ஆசையை, நல்ல சுவரே காணாத பிள்ளைகளின் தலையில் கட்டியிருந்தேன்.

மறுபடி வரைந்தேன். நாலு பக்கமும் செங்கல் சுவர், கதவு, பூட்டு. ஜன்னல்களை மட்டும் உட்கார்ந்த பிள்ளையின் கண் உயரத்துக்கு வைத்தேன். வியாபாரிகளிடம் வசவு வாங்கி, கெஞ்சி, சுவர் எழும்பி முடிய இன்னும் மூன்று மாதம் போனது. சுண்ணாம்பு காயும் முன்பே அந்தத் தாயிடம் ஓடினேன். அதே சாலையில்தான் இருந்தாள்.

"சுவர் வச்சாச்சுக்கா. கதவும் இருக்கு. பிள்ளைய அனுப்புங்க."

அவள் முகம் மலர்ந்தது. "மகராசனா இருங்கய்யா. சின்னவளுக்கு அடுத்த வருசம் அஞ்சு வயசு ஆயிரும். கட்டாயம் கொண்டாந்து விடுறேன்."

"பெரியவ?"

"அவளையா?" என்று திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி அந்தப் பெண் குந்தி உட்கார்ந்து, தேய்ந்து சிறுத்த ஓர் அரிவாளால் புல்லை அடியோடு ஒட்ட அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் கை பழகிப்போச்சுய்யா. இப்ப என்னைவிட வேகம்."

தாய் தன்னைப் புகழ்வதைக் கேட்டு அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.