பதினாறு அடிக்கு ஒரு கூரை

நாள்காட்டியின் பின்பக்கத்துக்கு எங்கள் வீட்டில் முன்பக்கத்தைவிட மதிப்பு அதிகம். மாசி பிறந்ததும் அப்பா போன வருடத்துத் தாள்களைக் கூடத்தில் கவிழ்த்துப் பரப்புவார். சாமிகள் எல்லாம் குப்புறக் கிடக்க, அவர்களுடைய முதுகின் வெள்ளையில், இருமுனைப் பென்சிலால் வீடு எழும்பத் தொடங்கும். சிவப்பு, இருக்கிற சுவர். நீலம், வரப்போகிற சுவர். நீலத்தில் ஒரு மாடி அறை, அதற்கு மரப்படி, காயலைப் பார்த்த சன்னல், சன்னலடியில் சாயா குடிக்க ஒரு பலகை. பலகைமேல் கோப்பையைக்கூட வரைந்துவைப்பார். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கொன்றில் மேற்பார்வை பார்த்துக் களைத்தவர். கப்பல் வருவதை வீட்டிலிருந்தபடியே பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. மாடிக்கென்று, இடித்த கிடங்கு ஒன்றிலிருந்து ஆஞ்சிலி மர உத்தரங்களை வாங்கி, சாக்குப் போர்த்தி, கூடத்துச் சுவரோரம் படுக்கவைத்திருந்தார்.

எங்கள் ஊரில் வசந்தம் குயிலோடு வருவதில்லை. கிடங்கு முற்றங்களில் சுக்கும் மிளகும் காய்கிற காரம் காற்றில் ஏறும், எல்லாரும் தும்முவார்கள், கொன்றை மரங்கள் மஞ்சளுக்குத் தயாராகும், வீட்டுக்கு வீடு ஆண்கள் கூரையை அண்ணாந்து பார்த்து நிற்பார்கள். இடவப்பாதிக்கு முன்னால், அதாவது வைகாசி நடுவில் மழை இறங்குமுன், எதைப் பழுதுபார்ப்பது, எதைப் புதிதாய்ச் செய்வது என்ற பதற்றம்தான் இங்கே வசந்தம். அப்பாவுக்கு அந்தப் பதற்றத்தோடு ஒரு பஞ்சாங்கமும் இருந்தது. மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருந்தும் வீட்டுவேலைக்கு அவர் தமிழ்நாட்டு நாளையே பார்ப்பார். மாசி முழுக்க வரைவார். வரைந்து முடிக்கையில் பங்குனி வந்துவிடும், பங்குனியில் தொடங்கக்கூடாது. சித்திரையில் மேஸ்திரிகள் யாரும் கிடைக்கமாட்டார்கள். வைகாசி உத்தமமான மாதம், அப்போது மழை கொட்டும். வறண்ட சீமைக்கு எழுதிவைத்த நாளை வைத்துக்கொண்டு நனைகிற ஊரில் வீடு கட்டப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக மாடி நீலத்திலேயே இருந்தது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. சின்ன வயதிலேயே தாயை இழந்தவள். என் அம்மாவும் அதற்குள் போயிருந்தாள், ஆகவே அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்தான். நான் அப்போது படகேறி எறணாகுளத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வந்த முதல் ஆடியில் அண்ணி விழுந்தாள். அடுக்களைக் கதவிலிருந்து குளியலறையும் கழிப்பிடமும் இருந்த மூலைவரை திறந்த முற்றம், என் காலுக்குப் பதினாறு அடி. வெட்டுக்கல் பரப்பின்மேல் பாசி கண்ணாடிபோலப் படர்ந்திருக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் வாளி. விழுந்தபோது வயிற்றில் மூன்று மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா, "விதி" என்றார். அண்ணன் தேவராவில் பட்டறை வேலைக்குப் போனான். நான் பரீட்சைக்குப் படித்தேன். மழை பெய்துகொண்டே இருந்தது. அண்ணி அதே பதினாறு அடியை, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை, கால்விரல்களை ஊன்றி ஊன்றிக் கடந்துகொண்டே இருந்தாள். அதை நான் பார்த்தேன் என்பதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்த மாசியில் ஒரு நாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல், "எனக்கு மறுபடி நின்னிருக்கு" என்றாள். ஆவணியில் பிறக்கும். அதாவது, வருகிற மழைக்காலம் முழுவதும் அவள் சுமக்கவேண்டும். பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு இல்லை. மழைக்கு முன்னால் அந்த முற்றத்துக்கு ஒரு கூரையும் கீழே சொரசொரப்பான தளமும் வேண்டும். ஆனால் வீட்டில் ஒருத்தி மாசமாக இருக்கும்போது கட்டுமானம் கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்பதில் அப்பா பாறை. ஆகவே கூரை முடியும்வரை பிள்ளை ரகசியம். "நாத்தனார்னாலே போட்டுக் குடுக்கிறவதானே," என்று துருவலைத் தட்டினாள். "இதைப் போட்டுக் குடுத்தே, பல்லு விளக்காத மாப்பிள்ளையாப் பாத்துக் கட்டிவெச்சிருவேன்."

அன்று சாயங்காலம், கவிழ்ந்த சாமிகளுக்கு நடுவே அப்பாவுக்கு எதிரே போய் அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மாசி கடைசி நாள் ஒரு கல்லு வெச்சிட்டா வேலை தொடங்கினதாத்தானே மாமா ஆகும்? பங்குனில நடக்கிறது மிச்சம்தானே?" அப்பாவின் பென்சில் நின்றது. இத்தனை வருடத்தில் யாரும் அவரோடு பஞ்சாங்கத்துக்குள்ளேயே வந்து வாதாடியதில்லை. அவர் முகத்தில் பரவியது கோபமில்லை, சந்தோஷம் என்றுதான் எனக்குத் தோன்றியது. "முதல்ல முத்தத்துக்கு ஒரு கூரை, அடுத்த வருஷம் மாடி," என்று அவள் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டார். நீல முனையை அவளிடமே நீட்டினார்.

வந்த மேஸ்திரி செல்லானத்துக்காரர், ஈஸ்டருக்கு முந்தைய நோம்பில் இருந்தார். மீன் தொடாத ஐம்பது நாளைக்கு எங்கள் வீட்டுச் சாம்பார் அவருக்கு வரம். "எனிக்கு நோம்பு, கரண்டிக்கு நோம்பில்ல," என்று சாந்துக் கரண்டியைக் காட்டிச் சொல்லிக்கொண்டே தளத்தைப் போட்டார், தூண்களை நட்டார். பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பதினோராம் நாள் அண்ணி ஓட்டுக் கூடையைத் தூக்கப்போனாள். ஏணியில் நின்ற மேஸ்திரி, ஊருக்கே கேட்கிற குரலில், "மோளே, அத வெச்சிடு. வயித்தில ஆளிருக்கும்போ கனம் எடுக்கக்கூடா. ஆறு பெத்தவளோட கெட்டியவனாக்கும் நான், எனிக்கு அறியாதா?" என்றார். தூக்குக்குண்டு நூலைப் பிடித்துக்கொண்டு அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

குண்டு ஆடி ஆடி நின்றது. பிறகு, "மேஸ்திரி, இறங்கிக்கோ. வேலை போதும்," என்றார். அண்ணியிடம் திரும்பி, "மாசமா இருக்கிற வீட்டில ஆணி அடிக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் மாமா. அதான் சொல்லலை."

"இனி பிரசவம் கழிஞ்சுதான்."

அண்ணி கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். "போன ஆடியில இந்த வீட்டில ஒரு ஆணிகூட அடிக்கலையே மாமா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. கூரையில்லாத தூண்கள் முற்றத்தில் நின்றன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி, ஏதோ தொலைத்தவரைப்போல அந்தப் பதினாறு அடியையே நடந்துகொண்டிருந்தார். அந்த இடத்தை அவர் அதற்குமுன் இடுப்பு வளைத்துப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செல்லானம் போய் மேஸ்திரியைக் கையோடு கூட்டிவந்தார். எங்கள் எல்லாரையும் பார்த்து, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்: "வீடுதானே கூடாது. இது வீடில்ல, வழி. வழியைப் பத்திச் சாஸ்திரத்தில ஒண்ணும் சொல்லலை." கொஞ்சம் யோசித்து, "ஆணி மட்டும் வேண்டாம்," என்றார்.

மேஸ்திரி தலையிலடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஆணியில்லாம கயிறு போட்டுக் கெட்டறது காயல்ல போற வள்ளமாக்கும். கூரையில்ல."

"அப்ப வள்ளமாவே கெட்டு. கவுத்துப் போட்டா கூரைதானே."

அண்ணி அடுக்களைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு மட்டும் தெரியும். கயிற்றுக்கட்டும் மரமுளையும் தாங்க நல்ல கனத்த மரம் வேண்டும் என்று மேஸ்திரி இழுத்தார். அப்பா கூடத்துக்குப் போனார். சாக்கை உருவி, ஆஞ்சிலி உத்தரங்களின் ஒரு முனையைத் தான் தூக்கி, மறுமுனையைப் பிடிக்க அண்ணனைக் கூப்பிட்டார். மாடி அத்தோடு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தூக்கும்போது முகத்தைப் பார்த்தேன். சுமைதான் தெரிந்தது.

இப்போது நான் இருக்கும் இடப்பள்ளி அடுக்ககத்தில் படுக்கையிலிருந்து குளியலறைக்கு நாலே அடி. வீட்டை மாற்றியமைக்க ஆள் வந்தால் கணினித் திரையில் சுவர்களைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறான். நிறங்கள் கேட்கிறான், வெளிச்சம் கேட்கிறான். இந்த வீட்டில் யாருக்குப் பயமாக இருக்கிறது, எந்த இடத்தில், என்று மட்டும் அவன் கேட்பதில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்த ஒரே கட்டடக்கலை அதுதான்.

அந்த வருடம் மழை ஒரு மத்தியானம் வந்தது. காயல் பக்கம் இருட்டி, ஓடுகளின்மேல் முதலில் எண்ணக்கூடியதாக, பிறகு எண்ணமுடியாததாக. அண்ணி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். பழக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகினாள். பிறகு நினைவு வந்தவளாக இறக்கிவிட்டாள். ஆறு மாத வயிற்றோடு, கைகளை வீசிக்கொண்டு, அந்தக் கோடிவரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். இருபுறமும் தண்ணீர் திரைபோல விழ, நடுவில் அவளுடைய கால்கள் காய்ந்திருந்தன.

"இப்ப எதுக்கு அண்ணி போயிட்டு வரீங்க?" என்றேன்.

"ஒண்ணுக்கும் இல்ல. சும்மாதான்."

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார், மழைக்கு மேலே கேட்கும்படி. "நடக்கட்டும் விடு. அதுக்குத்தானே போட்டிருக்கு."