முதலில் வேஸ்ட் துணியில்

போன வருஷம் ஓணம் முடிந்த வாரம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிற எங்கள் வீட்டின் முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்பூரியில் ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ். இடது கையில் மயில் முடிந்துவிட்டது. வலது கைத் துணியைப் பிரேமில் மாட்டிவிட்டுத் திரும்பினால், மெஷினுக்கு டிசைன் அனுப்புகிற கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நிற்கிறது. அணைத்துப் போட்டாலும் அதே நீலம்.

பதினோரு வருஷமாக நான் போட்ட டிசைன்கள் எல்லாம் அதற்குள். மயிலும் அதற்குள்தான். வேறெங்கும் பிரதி கிடையாது. அன்று செவ்வாய், கல்யாணம் ஞாயிறு.

அது பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டர். மெஷினின் சாஃப்ட்வேர் புதியதில் ஓடாது. மெஷின் வாங்கியபோது எக்ஸ்பியும் சாஃப்ட்வேரும் சேர்த்துத் தந்த சிடி பத்திரமாக இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் சிடி போடுகிற இடம் கெட்டுப் பல வருஷம் ஆகிறது. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பிக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம்தான் வரமுடியும் என்றார். சிடியில் இருப்பதைப் பென்டிரைவில் ஏற்றி, அதை வைத்தே கம்ப்யூட்டரைக் கிளப்பலாம் என்று வழி சொன்னார். சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். டிசைன் போய்விடுமோ என்று நாலு தடவை கேட்டேன்.

"எக்கா, டிசைன் டி டிரைவிலயாக்கும் கெடக்கு. இது சி-யில மட்டும்தான் ஏறும். பேடிக்காம போடுங்க, பயமே வேண்டாம்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள். ஆனால் வேறு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, சிடியையும் ஒரு பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு பெருங்கடவிளையில் ஒரு போட்டோஸ்டாட் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா அவருடைய கம்ப்யூட்டரைத் தந்தார். இந்தப் பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது. கடையில் குத்தியிருந்த மற்ற பென்டிரைவ்களை எல்லாம் பிடுங்கச் சொல்லிவிட்டுத்தான் அமுக்கினேன். இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாவது தடவை ஏறியது.

வீட்டுக்குக் கிளம்பக் கால் வரவில்லை. எங்கள் வேலையில் எந்த டிசைனையும் முதலில் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்க்காமல் பார்ட்டியின் துணியில் ஊசி இறக்கமாட்டோம். கடை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி பிடித்துக் கிடந்தது. அதில் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"மக்கா, நீ கறிக்கு உப்பு போடுகதுக்கு முன்ன அடுத்த வீட்டுக் கறியில போட்டுப் பாப்பியா?" என்று அக்கா சிரித்தார். ஆனாலும் துடைத்து, வயர் மாட்டித் தந்தார். அதிலும் சி டிரைவ், டி டிரைவ் இரண்டும் இருந்தன. டி-யில் இனி வேண்டாத பழைய கல்யாணக் கார்டுகள்.

பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்பியது. எதையும் கேட்கவில்லை, தானாகவே ஓடியது. முக்கால் மணி நேரத்தில் புது எக்ஸ்பி வந்து நின்றது. டி டிரைவைக் காணோம். மெஷினோடு வந்த அந்த சிடி, டி-யையும் சேர்த்து டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுகிற சிடி. அது தம்பிக்கும் தெரிந்திருக்கவில்லை. போனில் சொன்னதும், வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிற என் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறு டிஸ்கில் போடச் சொன்னார்.

அக்கா சிரிப்பை விட்டுவிட்டு, அந்தப் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கையே கழற்றி என் கையில் வைத்தார். "கொண்டு போ. உன் பேடிக்கு நான் தாற சம்மானமாக்கும்."

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒவ்வொரு வயரையும் போனில் படம் பிடித்த பிறகே கழற்றினேன். என் டிஸ்கைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்; பூட்டினேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அக்கா தந்த டிஸ்கில் எக்ஸ்பி ஏறியது. பென்டிரைவைப் பிடுங்கி அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, என் டிஸ்கை இரண்டாவதாக மாட்டினேன். டிசைன்கள் எல்லாம் இருந்தன. மயிலைத் திறந்து, வேஸ்ட் துணியில் ஒரு தடவை ஓட்டிவிட்டு, வலது கையைத் தொடங்கினேன். அன்று சாயங்காலமே எல்லா டிசைனுக்கும் ஒரு பிரதி எடுத்து அக்காவின் கடையில் கொடுத்து வைத்தேன்.

இன்றும் கேஸைப் பார்க்கப் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறேன். பயப்படாதே என்று யாராவது சொன்னால் முன்பு வெட்கமாக இருக்கும்; இப்போது அந்தப் பயத்தையும் கூட்டிக்கொண்டே வேலையைத் தொடங்கிவிடுகிறேன், முதலில் வேஸ்ட் துணியில்.