டிஷ்யூ வைத்த நாற்காலி

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் மதியக் கூட்டம். தட்டுடன் ஒரு காலி நாற்காலியை நெருங்குகிறேன். அதன் மேல் டிஷ்யூ பாக்கெட்.

"டிஷ்யூ வச்சிட்டா அது வச்சவங்க சீட்டு லா," என்கிறார் எதிரே பிரியாணி சாப்பிடும் உள்ளூர் வக்கீல் பெண்.

"அமெரிக்காவுல எங்க மாநிலத்துல உச்ச நீதிமன்ற நாற்காலியும் இப்படித்தான்," என்கிறேன். "கவர்னர் நீதிபதியை நியமிப்பார். பிறகு தேர்தல்ல அவரை எதிர்த்து யாரும் நிக்க முடியாது. அவர் தொடரணுமா, வேண்டாமான்னு மட்டும் நாங்க ஓட்டுப் போடுவோம். இந்தத் தடவை ஒருத்தருக்கு வேண்டாம்னு போடப்போறேன்."

"ஏன், தப்பான தீர்ப்பா?"

"சட்டப்படி சரிதான். எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலன்னு எழுப்பிட்டா, அடுத்து வர்றவர் சட்டத்தையா பார்ப்பார்? உங்க முகத்தைத்தானே பார்ப்பார்!"

டிஷ்யூவுக்கு உரியவர் வந்து நிதானமாக அமர்கிறார். நான் தூணோரம் நின்றபடியே சாப்பிடுகிறேன். கால் வலிக்கிறது. அந்த நீதிபதி உட்கார்ந்திருக்கட்டும்.