ஏரம்பரின் கறுத்த எருமை

கடதாசியை வாங்கியதும் ஏரம்பர் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பார். முன்பக்கம் எல்லாக் கடதாசிக்கும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம். முதுகைத் தடவுவார். மூலையைக் காதருகே கொண்டுபோய் விரலாற் சுண்டுவார். வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, ஊற்றுப்பேனையைத் திறந்து, நீல மையால் ஒரே ஒரு வசனம் எழுதுவார்:

'எனது கறுத்த எருமையைக் காணவில்லை.'

எழுதிவிட்டு ஊதமாட்டார். வாய்க்குள் இருபது வரை எண்ணுவார். மனு எழுத வந்தவர் அதுவரை வெயிலில் நிற்கவேண்டும்.

புதுக்குடியிருப்பு பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு தையற்கடையின் விறாந்தையில் அவருடைய மேசை இருக்கிறது. அதே விறாந்தையின் மற்றத் தொங்கலில் என்னுடைய தட்டச்சு இயந்திரம். தமிழ் மனு என்றால் அவரிடம் போவார்கள், ஆங்கிலக் கடிதம் என்றால் என்னிடம் வருவார்கள். இதனால் எங்களுக்குள் போட்டி இல்லை. ஆனால் என் இயந்திரத்தின் மேல் அவருக்கு ஓர் இரக்கம் உண்டு. "உதுக்கு எந்தக் கடதாசியும் ஒண்டுதான், தங்கச்சி. நாக்கில்லாத சீவன்" என்பார்.

ஏரம்பருக்கு ஐம்பத்து நான்கு வயது. வலது கைப் பெருவிரல் நகம் நிரந்தரமாக நீலம். யோசிக்கும்போது பேனையாற் காதைச் சொறிவதால் வலது காதின் நுனியும் நீலம். வாழ்நாளில் அவருக்கு எருமை இருந்ததில்லை. தெருவில் ஒரு எருமையைக் கண்டால் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவார். ஆனாலும் அந்த வசனத்தை அவர் ஏன் தெரிந்தெடுத்தார் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

"ண எண்ட எழுத்திலை மூண்டு வளையம் கிடக்கு. கடதாசி கூடாதெண்டால் முதலிலை அடைக்கிறது அதுதான். ற வாலிலை மை வேர் விடுதோ எண்டு பாக்கலாம். ருவிலை சுழி. எல்லாம் ஒரு வசனத்துக்கை வரவேணும். எருமையை விட்டால் வேறை ஆர் வருவினம், சொல்லுங்கோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் வேறு ஆரும் வரவில்லை.

ஒவ்வொரு கடதாசிக்கும் அவரிடம் ஒரு பெயர் உண்டு. கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்கும் புல்ஸ்காப் தாளின் பெயர் 'குடிகாரன்'. மையை வைத்தவுடன் குடித்துவிட்டு வீங்கிப்போகும். கந்தோர்களில் பிரதி எடுக்கும் றோணியோ தாள் 'ஒட்டகம்'. அது குடிப்பதோடு நில்லாமல் அடுத்த தாளுக்கும் கொடுக்கும். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும் நீல ஏரோகிராம் 'சீமைக்காரி'. அதன் மேல் மை சிந்தாமல் சிதறாமல் நிற்கும், ஆனால் நீலத்தில் நீலம் எழுதினால் வாசிப்பவர் கடிதத்தை முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பொதி சுற்றும் மண்ணிற மாட்டுத்தாளில் அதே மை பாசிப் பச்சையாக மாறும். "குளத்துக்கை விழுந்து எழும்பின மாதிரி" என்று அதைத் தூர வைப்பார். கெட்டி மட்டை போட்ட சீ. ஆர். கொப்பித் தாளை மட்டும் திட்டமாட்டார். "மெத்த அழகெண்டு சொல்லேலாது. ஆனால் சொன்ன சொல்லுக் கேட்கும்."

எல்லாவற்றிலும் பொல்லாதது கலண்டரின் பின்பக்கம். அதன் பெயர் 'விலாங்கு'. அந்த வழுவழுப்பில் நீல மை மிக அழகாக மினுங்கும், செப்புப்போல ஒரு சிவப்பும் ஓரத்தில் ஓடும், ஆனால் காயாது. விதை நெல் விற்கும் நல்லதம்பி ஒருமுறை முல்லைத்தீவில் ஒருவரைத் தேடிப் போக, அவருடைய விலாசத்தைக் கலண்டர்த் துண்டில் எழுதித் தரும்படி அவசரப்படுத்தினார். எழுதியதை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்து, நெருக்கடியான பஸ்ஸில் நின்றுகொண்டு போனார். இறங்கிப் பார்த்தபோது துண்டில் ஒன்றும் இல்லை. விலாசம் முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டையில், இடம் வலமாகப் புரண்டு கிடந்தது. நல்லதம்பி ஒரு சலூனுக்குள் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று விலாசத்தை வாசித்தாராம். திரும்பி வந்து அவர் சண்டை பிடித்தபோது, ஏரம்பர் அந்தச் சட்டையைத் தடக்காமல் வாசித்தார். கடதாசிகளின் முதுகையே பார்த்துப் பழகியவருக்குப் புரண்ட எழுத்தும் நேர் எழுத்தும் ஒன்றுதான். "ஒரு எழுத்துச் சிதையேல்லை, நல்லதம்பி. நல்ல துணி. எங்கை வாங்கினனீர்?" என்று கேட்டார்.

எருமைத் துண்டுகளில் தப்பிப் போனவையும் உண்டு. ஒருநாள் வயலுக்குப் போன ஒரு கமக்காரர் சைக்கிளை நிறுத்தி, "ஏரம்பண்ணை, உங்கடை எருமை ஒட்டுசுட்டான் பக்கம் நிக்குது" என்றார். கச்சான் கடலை சுற்றித் தந்த கடதாசிச் சரையில் விஷயத்தை வாசித்தாராம்.

"கண்டால் சொல்லுங்கோ, நான் சுகமாய் இருக்கிறன் எண்டு" என்றார் ஏரம்பர்.

அந்த எருமை போன ஆவணியில்தான் உண்மையான தொந்தரவு கொடுத்தது.

பேச்சியம்மா என்ற பெண் காணிக்கு மனு எழுத வந்தாள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். அவளும் புருசனும் குளத்துக்கு மேலே இரண்டு ஏக்கர் காட்டை வெட்டி, கட்டை பிடுங்கி, கச்சானும் மரவள்ளியும் போட்டிருந்தார்கள். காணி இல்லாதவர்களின் பட்டியலில் அவள் பெயர் ஏறினால் அந்த நிலத்துக்கு பெர்மிட் கிடைக்கும். ஏறாவிட்டால் பட்டியலில் உள்ள வேறொருவர் வந்து அவள் மரவள்ளியைப் பிடுங்குவார்.

மனுவுக்குக் கடதாசி அவளே கொண்டுவந்திருந்தாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் எப்போதோ அவள் புருசனுக்குக் கொடுத்த பழைய தாள்கள் மூன்று. ட்ரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்குக் கீழே கிடந்தவை.

ஏரம்பர் முதலாவது தாளின் முதுகைத் தடவினார். சுண்டினார். வெயிலுக்குப் பிடித்தார். உள்ளே, தண்ணீருக்குள் தெரிவதுபோல, ஒரு கிரீடம் தெரிந்தது. அவர் மூடிய கண்ணையும் திறந்தார்.

"பேச்சியம்மா, உது எங்கை கிடந்தது?"

"பொட்டியிலதாங்கய்யா. நல்லா இல்லீங்களா? கடையில வேற வாங்கியாரட்டுங்களா?"

"வேண்டாம். பேசாமல் இரும்."

அந்தத் தாளில் துண்டு கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு முழுத் தாளை எடுத்துவைத்து எருமையை எழுதினார். மை எங்கும் ஓடவில்லை. ண-வின் மூன்று வளையங்களும் வெள்ளையாக நின்றன. இருபது எண்ணி முடிந்ததும் எழுத்தின் ஓரத்தில் அந்தச் செப்பு மினுக்கம் வந்தது. ஏரம்பர் தன்னை மறந்தார். வசனத்துக்கு மேலே 'கனம் ஐயா அவர்கட்கு' என்று சேர்த்தார். திகதி போட்டார். கீழே 'தங்கள் தாழ்மையுள்ள' என்று எழுதி ஒரு நீண்ட கோடும் இழுத்தார். கோடு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கத்தான். தையற்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னிடமும் கொண்டுவந்தார். "தங்கச்சி, இஞ்சை பாருங்கோ. ண வயித்தைப் பாருங்கோ. பசியோடை கிடக்கு."

பிறகு இரண்டாவது தாளில் மனுவை எழுதினார். இவ்வளவு நல்ல மனுவை அவர் அதற்கு முன் எழுதியதில்லை. பேச்சியம்மாவிடம் பெருவிரல் அடையாளம் வாங்கி, தாள்களை ஒழுங்காகத் தட்டிச் சேர்த்து, குண்டூசி குத்திக் கொடுத்தார். மிஞ்சிய மூன்றாவது தாளை அவள் மார்போடு பிடித்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் கிழமை காணி அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. மனுதாரர் தமக்குக் கால்நடை எதுவும் இல்லை என்று முதலாம் பக்கத்திலும், தமது கறுத்த எருமையைக் காணவில்லை என்று இரண்டாம் பக்கத்திலும் கூறியிருக்கிறார். இதற்கு நேரில் வந்து விளக்கம் தரவேண்டும். அதுவரை பட்டியலில் பெயர் சேர்க்கப்படமாட்டாது.

பேச்சியம்மா விறாந்தைப் படியில் இருந்துவிட்டாள். "ஐயா, எங்ககிட்ட ஏதுங்கய்யா எருமை? ஒரே ஒரு கோழி. அது போடுற முட்டையையும் பக்கத்து வீட்டுக்காரி தன்னோடதுங்கிறா."

எருமைத் தாளையும் மனுவோடு சேர்த்துக் குத்திக் கொடுத்தது ஏரம்பருக்கு அப்போதுதான் விளங்கியது. காதைச் சொறிந்தார். நாலைந்து தரம் சொறிந்தார். பிறகு மேசைக்குக் கீழே இருந்த உரப்பையை இழுத்தார். அதற்குள் அவருடைய எருமைத் துண்டுகள் இருந்தன, ஒன்பது வருடத்துத் துண்டுகள். "நாளைக்கு விடிய முதல் பஸ்ஸிலை போவம். தங்கச்சி, நீங்களும் வாங்கோ. காணி உத்தியோகத்தர் நம்பாட்டில் நீங்கள் இங்கிலீசிலை சொல்லுங்கோ."

காணி உத்தியோகத்தர் யோகநாதன் இளம் மனிதர். சிரிக்கக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்ததுபோல இருந்தார். ஏரம்பர் உரப்பையை அவருடைய மேசையிற் கவிழ்த்தார். உத்தியோகத்தர் ஒரு துண்டை எடுத்து வாசித்தார். இன்னொன்றை எடுத்து வாசித்தார். ஏழெட்டுத் துண்டுகளுக்குப் பிறகு நிமிர்ந்தார்.

"உமக்கு எத்தனை எருமை?"

"ஒண்டும் இல்லை, ஐயா."

"ஒண்டும் இல்லாததை எத்தனை தரம் துலைச்சனீர்?"

"நானூறுக்கு மேலை வரும், ஐயா."

யோகநாதன் ஒரு கலண்டர்த் துண்டை விலக்கினார். விரல் நீலமாயிற்று. தன் விரலையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது இன்னும் காயேல்லை" என்று ஏரம்பர் மன்னிப்புக் கேட்கும் குரலில் விளக்கினார். "எழுபத்தெட்டாம் ஆண்டுக் கலண்டர்."

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். இங்கிலீசிலும் அதைத்தான் சொல்லலாம். ஆம் என்று தலையை ஆட்டினேன். அவர் பேச்சியம்மாவிடம் திரும்பினார்.

"அம்மா, உண்மையைச் சொல்லும். எருமை இருக்கோ?"

"இருந்தா நா ஏங்கய்யா மம்பட்டியால கொத்துறேன்?" என்று அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவருடைய மேசையில், நானூறு எருமைகளுக்கு மேல், வைத்தாள்.

யோகநாதன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வந்து நிலத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். முடிவு கடிதத்தில் வரும் என்றார். ஏரம்பருக்கு மட்டும் ஒரு கட்டளை போட்டார். "இனிமேல் உந்த வசனம் எழுதக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம், ஐயா."

அடுத்து வந்த ஒன்றரை மாதமும் ஏரம்பருக்குப் பத்தியம். 'இன்று மழை இல்லை' என்று எழுதிப் பார்த்தார். சப்பென்று இருந்தது. 'அண்ணன் வரவில்லை' என்று எழுதினார். ண இரண்டு வந்தன, ஆனால் தையற்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஏன், எங்கே போய்விட்டார் என்று கேட்டார். குடிகாரனுக்கும் சீ. ஆர். கொப்பிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று முறையிட்டார். ஒரு ஓய்வூதிய மனு றோணியோ தாளில் எழுதப்பட்டுப் பாதியில் கிழிக்கப்பட்டது. பேச்சியம்மாவின் புருசன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஏரம்பர் எழுந்து மையைத் தேடப் போய்விடுவார். ஒரு நல்ல கடதாசியைக் கண்டு புத்தி மயங்கியதால் ஒரு குடும்பத்தின் மரவள்ளி போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த நாட்களில் அவருடைய இடது காதும் நீலமாயிற்று.

காணி உத்தியோகத்தரின் கடிதம் வந்ததும் பேச்சியம்மா அதைப் பிரிக்காமலே கொண்டுவந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர் கையால்தான் பிரிக்கவேண்டும் என்று சொன்னாள். ஏரம்பர் உறையைக் கிழித்து, தாளை வெளியே எடுத்து, திருப்பி, முதுகைப் பார்த்தார்.

"றோணியோ" என்றார். "ஒட்டகம். உதிலை போய்ப் பேனையால் எழுதியிருக்கிறார். எல்லாம் ஊறி இஞ்சாலை வந்திட்டுது."

"ஐயா, என்னாங்கய்யா போட்டிருக்கு?"

அவர் முதுகை வெயிலுக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஊறியிருந்த நீல எழுத்துகளின் மேல் நீல நகத்தை வலமிருந்து இடமாக நகர்த்திக்கொண்டு போனார். நகம் நின்றது.

"இரண்டு ஏக்கர்" என்றார். "தந்திட்டாங்கள்."

"முன்பக்கம் பாருங்கய்யா. முன்பக்கம் பாத்துச் சொல்லுங்க."

"முன்பக்கமும் உதைத்தான் சொல்லும், பேச்சியம்மா."

அவள் நம்பவில்லை. கடிதத்தை வாங்கி என்னிடம் கொண்டுவந்தாள். நான் முன்பக்கத்தை வாசித்தேன். அவர் சொன்னது சரி. அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், என் தட்டச்சு இயந்திரத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். அதற்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு முந்தானைக்குள் இருந்து, தடித்த மட்டைக்குள் வைத்திருந்த அந்த மூன்றாவது தாளை எடுத்து ஏரம்பரின் மேசையில் வைத்தாள்.

"எங்களுக்கு எதுக்குங்கய்யா. நீங்களே வச்சுக்கங்க."

அவள் பஸ் ஏறிப் போகும்வரை ஏரம்பர் அதைத் தொடவில்லை. போன பின் இரண்டு கையாலும் எடுத்தார். தடவினார், சுண்டினார், கிரீடத்தைப் பார்த்தார். தெருவில் உத்தியோகத்தர்கள் யாரும் வருகிறார்களா என்றும் இரண்டு பக்கமும் பார்த்தார். இடது கையால் மறைத்துக்கொண்டு ஒரு வரி எழுதி, உதடு அசைய இருபது வரை எண்ணி, தாளைத் திருப்பி முதுகைப் பார்த்தார். முதுகு வெள்ளையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் முன்பக்கத்தை என் பக்கமாக உயர்த்திக் காட்டினார்:

'காணாமற்போன எனது கறுத்த எருமை கிடைத்துவிட்டது.'